சோற்றுப்பசையால் ஒட்டிய குளவி

ஆப்பிரிக்கக் குளவி ஒன்றுக்கு, இத்தாலியில் வைத்து, சோற்றுப் பருக்கையால் பின்பக்கம் ஒட்டிய ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தின் சீசாப் பக்கம், நாலாம் மாடியில் நானும் மனைவியும் இருந்தோம். லிஃப்ட் இருந்தது. அது எங்கள் இரண்டு பேரையும் விட வயதில் மூத்தது என்பதால் அதை நாங்கள் தொந்தரவு செய்வதில்லை. மனைவி ஒரு வயோதிபத் தம்பதியைப் பார்க்கும் வேலைக்குப் போனாள். நான் வீடு துடைக்கப் போனேன். அதற்கு முன் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரைப் பக்கம் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சிப்பி கழுவினேன். வாய் திறந்து கிடக்கும் சிப்பி செத்தது, அதை எறி என்று முதலாளி சொன்னார். நான் மாறி விளங்கிக்கொண்டு, வாய் மூடிக் கிடந்த சிப்பியையெல்லாம் கடலில் எறிந்தேன். இரண்டு வாளி. அன்று கடலுக்குத் திரும்பிய சிப்பிகள் இன்றும் என்னை வாழ்த்திக்கொண்டிருக்கும். முதலாளி வாழ்த்தவில்லை.

அதன் பிறகு கிடைத்ததுதான், சினோரா என்று நான் கூப்பிட்ட ஒரு அம்மாவின் வீடு. திங்கள், புதன், வெள்ளி. அவர் உயர்தரப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்கை விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்து கடந்திருக்கும். ஆண்பிள்ளை மாதிரிக் கட்டையாக வெட்டிய தலைமயிர். வாயில் எப்போதும் சிகரெட். தனி ஆள். வேலைக்காரனான என்னையும் அவர் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு அது பழக்கமில்லாத மரியாதை. முதல் வாரம் முழுவதும் எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அவர் கதைத்தது இத்தாலியன். அந்த நாளில் நான் கதைத்த இத்தாலியனில் நேற்று, இன்று, நாளை எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்தான். ஆனால் என் நினைவில் சினோரா நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறார். அப்படியே எழுதுகிறேன். அவருக்கு ஆட்சேபம் இருந்தால் மறுப்பு எழுதட்டும்.

இளம் வயதில் சினோரா ஆப்பிரிக்காவில், எரித்திரியாவில் ஒரு இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் சில வருடங்கள் படிப்பித்திருக்கிறார். அங்கே சுவர்களில் மண்கூடு கட்டும் குளவிகளைப் பிடித்து, ஊசியில் குத்தி, பெட்டியில் வைத்து இத்தாலிக்குக் கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஊரிலும் நிலைக்கதவில் சின்னப் பானை மாதிரிக் கூடு கட்டுமே, அந்தச் சாதிதான். அது வீட்டுக்குள் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று நாங்கள் உடைக்காமல் விடுவோம். சினோராவோ ஆளையே பிடித்துப் பெட்டியில் அடைத்துவிட்டார்.

மொத்தம் பதினாலு குளவிகள். கறுப்பும் மஞ்சளும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தையல் நூல் போன்ற ஒரு இடுப்பு. எங்கள் சினிமாவில் கதாநாயகிக்கு இல்லாத இடையை இருப்பதாகப் பாடுவார்களே, அது உண்மையிலேயே இருந்தது இதற்குத்தான்.

இந்தப் பதினாலையும் வைத்துக்கொண்டு சினோரா ஆறு வருடமாக ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புத்தகங்களில் இதே மாதிரி ஒரு ஆப்பிரிக்கக் குளவி இருக்கிறது. எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் சினோராவின் குளவிகளில் மஞ்சள் பட்டி கொஞ்சம் அகலம், தலை மயிர் கொஞ்சம் அடர்த்தி. ஆகவே இது அதே இனமா, அல்லது இதுவரை யாருமே பெயர் வைக்காத வேறு இனமா? வேறு என்றால் அதைக் கண்டுபிடித்தவர் அவர். வடக்கில் ஒரு நிபுணர், பெட்டியை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தார். சினோராவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பதினாலும்தான்.

எனக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்.

"இந்த மேசையின்ட காலைத் துடையுங்கோ. காலுக்கு மேலை இத்தாலி இல்லை, ஆப்பிரிக்கா. உங்களுக்கு விசா கிடையாது."

எட்டு மாதம் அந்த எல்லையை நான் தாண்டவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஷிரோக்கோ அடித்தது. ஆப்பிரிக்காப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று அடிக்கும் நாளில் பலெர்மோக்காரர் யன்னல் பலகைகளை இறுக்கி மூடிவிட்டு உள்ளே சத்தமில்லாமல் கிடப்பார்கள். சினோராவும் மூடிவிட்டுத்தான் தபாற்கந்தோருக்குப் போனார். திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். நான் வியர்த்து ஊற்றி, ஐந்து நிமிடம் மட்டும் என்று திறந்தேன். காற்று அதற்காகவே வெளியில் காத்து நின்றதுபோல உள்ளே வந்தது. பலகை சுவரில் படீரென்று அடித்தது. மேசையில் லென்ஸுக்குக் கீழே ஒரு தக்கையில் குத்தி நிறுத்தியிருந்த குளவி ஊசியோடு சாய்ந்து விழுந்தது.

தூக்கி நிறுத்தினேன். முன்பக்கம் அப்படியே இருந்தது. தலை, சிறகு, கால் எல்லாம் சரி. இடுப்பும் அதற்குப் பிறகுள்ள வயிறும்தான் இல்லை.

நாலு காலில் தேடினேன். பத்து நிமிடம் கழித்துப் புத்தக அலுமாரிக்கு அடியில், சுவரோரமாக, அது கிடந்தது. கறுப்பு, மஞ்சள் பட்டி, நூல் இடுப்பு. எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பலெர்மோவின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவையும் சேர்த்துக்கொண்டேன், அவர் உள்ளூர் ஆள்.

இனி ஒட்ட வேண்டும். பசை எங்கே இருக்கிறதென்று தெரியாது. சினோராவின் மேசை லாச்சியை இழுத்துத் திறப்பது இன்னொரு விசாப் பிரச்சினை. அப்போதுதான் என் சாப்பாட்டுப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. சோறும் பருப்பும். எங்கள் வீடுகளில் கடித உறை ஒட்டியது சோற்றால், கொப்பி உறை ஒட்டியது சோற்றால், பட்டம் ஒட்டியதும் சோற்றால். பருப்புப் படாத ஒரு பருக்கையைத் தேடி எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நசித்து, வந்த பசையைக் குண்டூசி நுனியில் தொட்டு ஒட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருநூறு வரை எண்ணினேன். ஒட்டிவிட்டது! இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். கடவுளே ஒட்டியதுபோல இருந்தது. பிறகு தடயம் எதுவும் மிஞ்சக்கூடாது என்று தூசு உறிஞ்சும் மெஷினை எடுத்து அந்த அறையை மூலைமுடுக்கெல்லாம் இழுத்துத் தள்ளினேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்த நாள் வேறு இல்லை.

பின்னேரம் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்களுக்கென்ன விசரே? வாற கிழமை பெர்மெஸோவுக்கு அந்த மனுசியெல்லே கையெழுத்துப் போட வேணும்!"

உண்மைதான். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் என் பெர்மெஸோவை, அதாவது நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க இவர் என்னிடம் வேலை செய்கிறார் என்று சினோரா ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

"அதுதான் ஒட்டிப்போட்டனே," என்றேன்.

"ஒட்டினது ஒட்டினபடி கிடக்கட்டும். அவா கேட்டால் கேளுங்கோ. கேக்காட்டி நீங்களாப் போய் வாயைத் திறவாதேங்கோ. வாய் திறந்த சிப்பியை எறியிற மாதிரி எங்களையும் எறிஞ்சுபோடுவினம்."

திங்கட்கிழமை போனபோது சினோரா எறும்புகளோடு சண்டையில் இருந்தார். மேசையைச் சுற்றி வரிசை வரிசையாக எறும்பு.

"கீழ்வீட்டுக்காரி பல்கனியிலை குருவி வளக்கிறாள். அவளின்ட தானியத்துக்கு வந்ததுகள்," என்று திட்டினார்.

நானும் சேர்ந்து கீழ்வீட்டுக்காரியைத் திட்டினேன். அந்தப் பெண்ணிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

புதன்கிழமை நான் மணியடிக்க முன்பே கதவு திறந்தது. சினோராவின் வாயில் சிகரெட் இல்லை. அதைப் பார்த்தே பயந்துவிட்டேன்.

"வாங்கோ, உள்ளை வாங்கோ. வாளியை வையுங்கோ. இதைப் பாருங்கோ."

என்னை ஆப்பிரிக்காவுக்குள் விட்டார். கதிரையில் இருத்தி, லென்ஸை என் கண்ணுக்கு நேரே திருப்பினார். அதற்குக் கீழே என் குளவி நின்றது.

"கொம்பிலை எத்தினை கணு இருக்கெண்டு எண்ணுங்கோ."

எண்ணினேன். பன்னிரண்டு.

"பொம்பிளைக்குப் பன்னிரண்டு. ஆம்பிளைக்குப் பதின்மூண்டு, நுனியிலை கொக்கியும் இருக்கும். அப்ப இது?"

"பொம்பிளை."

"ஓம். இப்ப வயித்திலை வளையத்தை எண்ணுங்கோ. பொம்பிளைக்கு ஆறு, ஆம்பிளைக்கு ஏழு."

எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். பிடிவாதமாக ஏழு.

"முன்பக்கம் பொம்பிளை, பின்பக்கம் ஆம்பிளை!" சினோரா கையைத் தட்டினார். "இப்பிடி ஒண்டு பிறக்கிறது எவ்வளவு அருமை தெரியுமோ? ஆறு வருசமாப் பட்டியை மட்டும் அளந்தன், இவளின்ட வளையத்தை எண்ணவேயில்லை. ஆரோ ஒட்டினதோ எண்டுதான் முதல் நினைச்சன். ஆனால் பசையெண்டால் லென்ஸிலை கட்டியா, மஞ்சளாத் தெரியும். இதிலை ஒண்டும் இல்லை, பளிங்கு மாதிரிக் கிடக்கு."

சோற்றுப் பசை காய்ந்தால் அப்படித்தான் கிடக்கும். அதை நான் சொல்லவில்லை. எங்கள் அர்த்தநாரீஸ்வரர்கூட இடம் வலமாகத்தான் பாதி பாதி. நான் முன் பின்னாக ஒருவரைப் படைத்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை பெட்டியை அனுப்பப்போறன்," என்றார். "பெட்டியோடை போற கடிதம் இதைப் பற்றித்தான். என்ட பேரிலை அச்சிலை வரும் எண்டு அவர் டெலிபோனிலை சொல்லிப்போட்டார்."

அந்த முகத்தை நான் பார்த்தேன். ஆறு வருடமாக மஞ்சள் பட்டியை அளந்துகொண்டிருந்த ஒருவருக்கு அன்றுதான் திருவிழா. நிபுணர் வெந்நீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும், ஒட்டு கழன்றுவிடும். பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் ஒட்டுப்போட்ட குளவியை அனுப்பினார் என்று வடக்கு முழுவதும் சிரிக்கும். இவரே ஒட்டினார் என்றும் சொல்வார்கள். என்னைப் பார்த்து ஊர் சிரித்தால் எனக்கு ஒன்றும் இல்லை, அது எனக்குத் தொழில் மாதிரி. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய் நின்று யோசித்தேன். அலுமாரிக்கு அடியில் நான் எடுத்தது ஏழு வளையம். அப்படியென்றால் அது இந்தக் குளவியுடையதே இல்லை. வேறு எந்தக் குளவியுடையதோ. இவளுடைய ஆறு வளையம் எங்கே? தடயம் இல்லாமல் அறை முழுவதும் மெஷின் போட்ட அந்தக் கெட்டிக்காரன் யார்? நான்தான்.

மெஷினைத் திறந்தேன். தூசுப்பை இன்னும் உள்ளேதான் இருந்தது, முக்கால்வாசி நிரம்பி. அதைக் கழற்றிப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்கை கொண்டு போறியள்?" என்று சினோரா கேட்டார்.

"எறிய," என்றேன். என் இத்தாலியனில் அது ஒன்றுதான் வந்தது.

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்தேன். அந்த ஆறு வளையத்தை வெள்ளிக்கிழமைக்கு முன் கண்டுபிடிப்பேன். வாழ்க்கையில் நான் எதையும் முடித்ததில்லை. படிப்பை முடிக்கவில்லை, தச்சுவேலை பழகப் போய் முடிக்கவில்லை, சிப்பியையும் முடிக்கவில்லை. இதை முடிப்பேன்.

வீட்டில் மா அரிக்கும் அரிதட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். மனைவி வேலையால் வந்து மேலே ஏறிப் பார்த்தபோது, நான் சினோராவின் எட்டுமாதத் தூசியை அரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ட அரிதட்டு!"

"கழுவித் தாறன்."

"இதிலை இனி ஆர் இடியப்பத்துக்கு மா அரிக்கிறது? என்னத்தைத் தேடுறியள்?"

"குளவியின்ட குண்டியை."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நீர்த்தொட்டியோடு சாய்ந்துவிட்டாள். முழுக்கதையையும் சொன்னேன். கேட்டு முடிந்ததும் ஒரு தரம் பெருமூச்சு விட்டாள்.

"நான் வாயைத் திறவாதேங்கோ எண்டு சொன்னன்தானே?"

"நான் எங்கை திறந்தன்? நான் கண்ணைத்தான் திறந்து தேடுறன்."

"தேடிக் கிழியுங்கோ," என்று கீழே போனாள். போனவள் ஒரு வெள்ளைப் படுக்கைத் துணியோடு திரும்பி வந்தாள். "வெள்ளையிலை கொட்டினால்தான் கறுப்புத் தெரியும். மூளையைப் பாவியுங்கோ."

அன்று பொழுது படும்வரை இரண்டு பேரும் தேடினோம். கிராம்பு ஒன்று கிடைத்தது. கரப்பான் கால், ஒலிவ் விதை, சட்டைப் பொத்தான், யாரோ முன்னோர்களின் நகம், செத்த இலையான் ஈக்கள் ஒரு குடும்பம். குளவி இல்லை. வியாழக்கிழமை காலையில் வேறு வீட்டில் வேலை. மத்தியானம் ஓடிவந்து மறுபடி மாடிக்கு ஏறினேன். இம்முறை அரிக்கவில்லை. தூசி பஞ்சு பஞ்சாகச் சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு சுருளையும் தேங்காய்த் தும்பு பிரிப்பதுபோலப் பிரித்தேன். வெயில் முதுகைப் பொசுக்கியது. மூக்கெல்லாம் சினோராவின் சிகரெட் சாம்பல். மனைவி வேலையால் வந்து எனக்கு எதிரில் குந்தி, அவளும் பிரித்தாள்.

பின்னேரம் ஒரு சுருளை இழுத்தபோது விரலில் ஏதோ சுரீரென்று குத்தியது.

"ஆ!"

"என்ன?"

பஞ்சைப் பிரித்தேன். உள்ளே கறுப்பும் மஞ்சளுமாக, நூல் இடுப்போடு, முழுசாக அது கிடந்தது. நுனியில் கொடுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. செத்து இருபது வருடத்துக்குப் பிறகும் குத்திவிட்டது.

"கொடுக்கு இருக்கு. அப்ப பொம்பிளைதான்," என்றாள் மனைவி, ஏதோ சொந்தக்காரியைக் கண்டுவிட்டதுபோல. அவள் வேலை செய்யும் வீட்டுக் கிழவர் எறிந்த மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்துவந்தாள். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளையத்தை எண்ணினோம். நான் எண்ணினேன், ஆறு. அவள் எண்ணினாள், ஆறு. அவள் என்னை நம்பாமல் திரும்பவும் எண்ணினாள், ஆறு.

நெருப்புப்பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து அதைக் கிடத்தினோம்.

"இப்ப கேளுங்கோ," என்றாள். "நாளைக்கு வெள்ளெனப் போங்கோ. அவா குளிக்கப் போகேக்கை மற்றதைக் கழட்டிப்போட்டு இதை ஒட்டிப்போட்டு வாங்கோ. ஒரு சோறுதானே. ஆருக்கும் தெரியாது."

எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன்.

"அவா அந்த ஏழு வளையத்தையும் எண்ணிப்போட்டா," என்றேன். "நானும் எண்ணினன். நாளைக்குப் பாக்கேக்கை ஆறு எண்டால் மனுசி தனக்கு மூளை பிசகிப் போச்செண்டெல்லே நினைப்பா? மிச்சக் காலம் முழுக்க அந்த அதிசயம் எங்கை போச்செண்டு தேடிக்கொண்டிருப்பா."

"அப்ப?"

"சொல்லத்தான் வேணும்."

"பெர்மெஸோ?"

"அதையும் யோசிச்சன். சொல்லத்தான் வேணும்."

மனைவி நெருப்புப்பெட்டியை வாங்கி, மூடி கழலாமல் நூலால் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு முன் போய்விட்டேன். சினோரா பெட்டியைப் பெரிய கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். வழி முழுவதும் பாடமாக்கிய பேச்சு வாசலிலேயே மறந்துபோனது. எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "சினோரா, நான் யன்னல் திறக்க. குளவி விழ. நான் ஒட்ட. பின்பக்கம் வேறு ஆள். சோறு."

"என்ன சோறு?" என்றார்.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு பருக்கையை நசித்து, அவருடைய கடித உறை ஒன்றை அவர் கண்முன்னாலேயே ஒட்டிக் காட்டினேன். பிறகு நெருப்புப்பெட்டியின் நூலை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

சினோரா ஒட்டிய உறையைப் பார்த்தார். நெருப்புப்பெட்டிக்குள் பார்த்தார். மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"எறும்பு!" என்றார்.

"ஓம், சினோரா."

"நான் அந்தக் கீழ்வீட்டுக்காரியோடை நாலு நாள் சண்டை பிடிச்சன்."

"ஓம், சினோரா."

சிகரெட் பற்றவைத்தார். "நீங்கள் ஒரு கழுதை," என்றார். எவ்வளவு கோபத்திலும் அந்த 'நீங்கள்' மட்டும் மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றில் பல சிசிலிச் சொற்கள், எனக்கு விளங்கவில்லை. விளங்கியவற்றை எழுத முடியாது. வாளிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ஓடவில்லை. அன்று ஓடுவதில்லை என்று வைத்திருந்தேன்.

திட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"அந்த ஏழு வளையம். அதை எங்கை எடுத்தனீங்கள்?"

புத்தக அலுமாரிக்கு அடியில் குனிந்து இடத்தைக் காட்டினேன்.

சினோராவும் வந்து குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எனக்கில்லாமல் தனக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பதினாலில் ஆண்கள் மூன்றுதான். இரண்டின் பின்பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. மூன்றாவதன் பின்பக்கம் நான் வேலைக்கு வருவதற்கு முன் ஒரு நாள் கழன்று விழுந்து காணாமல் போனது. அறை முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. ஆணின் வயிற்று நுனிக்குள் நகம் மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வடிவம் வேறு. மஞ்சள் பட்டி பொய் சொல்லும், மயிர் பொய் சொல்லும், அது மட்டும் சொல்லாது. அது கையில் இல்லாதபடியால்தான் இவ்வளவு நாளும் பட்டியை அளந்துகொண்டிருந்தார்.

"தண்ணி கொதிக்க வையுங்கோ," என்றார்.

வெந்நீர் ஆவியில் என் ஒட்டு ஒரு நிமிடத்தில் இளகி விட்டது. கடைப் பசையென்றால் இழுக்க இழுக்கச் சிறகும் சேர்ந்து வந்திருக்கும் என்று சினோரா முணுமுணுத்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் குனிந்தவர்தான். நான் யன்னல் துடைத்தேன். துடைத்த யன்னலையே மறுபடி துடைத்தேன். குசினித் தரையை மூன்று தரம் கழுவினேன். அறைக்குள்ளிருந்து புத்தகம் புரட்டும் சத்தம் மட்டும் வந்தது.

மத்தியானம் ஆகும்போது கூப்பிட்டார்.

புத்தகத்தில் ஒரு படம். சின்ன வளைந்த நகம், நடுவில் ஒரு பிளவு. லென்ஸுக்குக் கீழே வளைந்த நகம், நடுவில் பிளவு. ஒரு அச்சில் வார்த்ததுபோல. ஐந்தாம் வகுப்புக் கண்ணுக்கும் அது தெரிந்தது.

"ஒண்டுதான்," என்றார். "பழைய இனம்தான். எப்பவோ பேர் வைச்சது."

ஆறு வருடம். "எல்லாத்தையும் நான் கெடுத்துப்போட்டன், சினோரா," என்றேன்.

"நீங்கள் என்னத்தைக் கெடுத்தனீங்கள்? நீங்கள் ஒட்ட முந்தியும் அது இதுதான். எனக்குத்தான் தெரியேல்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அது சிகரெட்டாலும் இருக்கலாம். "வெறுங்கையோடை நிக்காதேங்கோ. அந்தக் கத்தரிக்கோலை எடுங்கோ."

தடித்த கடதாசியில் விரல்நகம் அளவுத் துண்டுகள் வெட்டச் சொன்னார். பதினாலு. ஒவ்வொன்றிலும் அந்தப் பழைய இரண்டு சொல் லத்தீன் பெயரைக் கறுப்பு மையால் எழுதினார். அதன் கீழே தன் பெயரும், தான் பார்த்து நிச்சயித்தது என்றும். பெட்டி நிபுணருக்குப் போகும், ஆனால் கடிதம் வேறு: இது இன்ன இனம் என்று கண்டிருக்கிறேன், சரிபார்த்து எழுதவும். பெண் குளவிக்கு அவளுடைய சொந்த ஆறு வளையத்தையே ஒட்டினோம். பசைப் போத்தலை எடுக்கப் போனவர் அதைத் திரும்ப வைத்துவிட்டு, "சோத்தைத் தாங்கோ," என்றார்.

அதற்குப் பிறகு பதினைந்தாவது துண்டு ஒன்று வெட்டச் சொன்னார்.

"ஒட்டினதை ஒட்டினதெண்டு எழுத வேணும். எந்தப் பசை, ஆர் ஒட்டினது எண்டும். இல்லாட்டி நாளைக்குப் பாக்கிற ஆள் ஏமாறுவான். உங்கட பேரை எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ."

நான் சொல்லத் தொடங்க முன் அவர் மேசை ஓரத்திலிருந்து ஒரு தாளை இழுத்து என் பக்கம் தள்ளினார். குவெஸ்தூராவுக்கான தாள். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது, திங்கட்கிழமைத் தேதியோடு. நான் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன பாக்கிறியள்? குளவி உடைக்கிறது இத்தாலியிலை குற்றமில்லை. பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன். அப்பாவின் பெயரும் சேர்ந்து, எங்கள் ஆட்களின் பெயர் எவ்வளவு நீளம் என்று தெரியும்தானே. எழுதிக்கொண்டே போனார். துண்டின் ஓரம் வந்துவிட்டது, பெயர் முடியவில்லை. இரண்டாவது வரிக்கு இறங்கினார். அதுவும் முடிந்தது.

"இன்னும் இருக்கோ?"

"இருக்கு, சினோரா. அரைவாசிதான் வந்திருக்கு. கட்டையாக்கி எழுதுங்கோ, காரியமில்லை."

"ஏன் கட்டையாக்க வேணும்?" என்றார். துண்டைத் திருப்பி, பின்பக்கத்தில் மிச்சத்தையும் எழுதி முடித்து, மை காய ஊதி, குளவிக்குக் கீழே ஊசியில் குத்தினார்.